உறைக்குள் மறைந்த பெல்ட்

கார் வாங்கிய வாரமே வெள்ளவத்தையில் சீட்டுகளுக்கு உறை தைத்துப் போட்டோம். மூன்று வயது மகள் சாப்பாட்டைச் சிந்தினால் சீட் பழுதாகிவிடும் என்பதுதான் எங்கள் கவலை. பின் சீட் பெல்ட்டின் பூட்டுகள் உறைக்கு அடியில் போய்விட்டன. பின்னால் யார் பெல்ட் போடுகிறார்கள் என்று விட்டுவிட்டோம்.

பிறகு கனடாவிலிருந்து மச்சாள் எங்கள் மகளுக்கு, குழந்தைகளை இருத்தும் கார் சீட் ஒன்று அனுப்பினார். அதைப் பின் சீட்டின் நடுவில் வைத்து, இரு பக்கமும் தலையணை செருகினோம்.

"இனி ஆடாது, நல்ல இறுக்கம்" என்றார் கணவர். மகளை இருத்தி அதன் வார்களை நானே பூட்டினேன்.

கொட்டாஞ்சேனைக்குப் போகும்போது ஒரு பஸ் குறுக்கே வெட்டியது. கணவர் பிரேக் அடித்தார். கார் சீட் மகளோடு சேர்ந்து முன்னால் பாய்ந்தது. கியர் கம்பியில் அவள் முகம் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது.

கன்ன எலும்பு உடைந்திருந்தது. "பிள்ளைக்கு பெல்ட் போட்டனீங்களோ?" என்று டொக்டர் கேட்டார்.

"ஓம் டொக்டர், வடிவாப் போட்டனாங்கள்" என்றேன்.

"அப்ப அந்த சீட்டைக் காரோட எதால கட்டினனீங்கள்?"



வீடு வந்ததும், பெல்ட் பூட்டுகளை மறைத்திருந்த அந்த உறையை நானே வெட்டி எறிந்தேன். இப்போது காரின் பெல்ட்டைக் கார் சீட்டுக்குள்ளால் கோத்து, முழங்காலால் அழுத்தி இறுக்குகிறேன். பிறகு இரண்டு கைகளாலும் இழுத்துப் பார்க்கிறேன். மகளும் அதைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் காரில் ஏறாமல், கன்னத்தைப் பொத்திக்கொண்டு வீட்டுக் கேற்றடியிலேயே நிற்பாள்.