ஏழாம் நம்பரைத் தேடி ஃப்ரீஹோல்டு கார்டு ஷோவுக்கு

1998 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை எனக்கு ஊருக்கு விமானம். என் ரொட்டிக் கம்பெனி செட்டில் பன்னிரண்டு கார்டு. ஏழாம் நம்பர் மட்டும் கிடைக்கவில்லை. அதற்குத்தான் இந்தப் பயணம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் சுமதி டைப் செய்கிறாள்.

பேஸ்பால் கார்டு என்றால் ஆட்டக்காரர் படம் போட்ட சின்ன அட்டை. பெரிய கம்பெனி செட்டுகளில் நூற்றுக்கணக்கில் இருக்கும். எனக்குப் பிடித்தது யாரும் சீண்டாத சின்ன செட்டுகள். ஐம்பது வருடத்துக்கு முன் ஏதோ ஒரு ஊர்க் கம்பெனி ரொட்டிப் பாக்கெட்டுக்குள் போட்டுக் கொடுத்தது. சிலவற்றில் எண்ணெய்க் கறைகூட இருக்கும். முகங்கள் மனதில் நின்றுவிடும். அக்டோபரில், மகள் வீடு இருக்கும் மான்மவுத் ஜங்ஷனில், பக்கத்துத் தெருவில் வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் யார்டு சேலில் நான்கு வாங்கினேன். அதில் பிடித்த பைத்தியம்.

காலை 8.10க்குக் கிளம்பினோம். 22 மைல், 40 நிமிடம். கார்டு விற்பவர்கள் மேஜை போட்டு உட்காரும் ஷோ, தீயணைப்பு நிலைய ஹாலில். பார்க்கிங் இலவசம், நுழைவு ஆளுக்கு 2 டாலர். மூன்றாம் வரிசையில், கால்சட்டைக்குத் தோள்வார் போட்ட ஒரு பெரியவர் மேஜையில் சுமதி கண்டுபிடித்துவிட்டாள். விலை 35 டாலர்.

வாங்கிப் பார்த்தேன். குழம்பிப்போனேன்.

"இது மூணாம் நம்பர் ஆளு கண்ணு. நம்மகிட்ட இருக்கறான்."

"இல்லீங்கப்பா. பேரு வேற. நம்பர் ஏழுதான் போட்டிருக்குது."

"பேரை உடு. இடது காது மடங்கியிருக்குது, ரெண்டாவது பொத்தான் இல்ல. அவனேதான்."

ஆல்பத்தைப் பிரித்து மூன்றாவதைப் பக்கத்தில் வைத்தேன். பெரியவர் பூதக்கண்ணாடியால் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ கேட்டார்.

"உங்களுக்கு பேஸ்பால் தெரியுமான்னு கேக்கறாரு."

"தெரியாதுன்னு சொல்லு. ஆளைத் தெரியும்னு சொல்லு."

அவர் சிரித்தார். கம்பெனிக்காரன் ஒரே படத்தை இரண்டு பெயருக்கும் போட்டுவிட்டானாம். முகம் எந்தப் பெயருக்கு உரியது என்பது அவருக்கும் தெரியாதாம்.

"அப்ப இன்னொருத்தன் எங்க?"

"அவன் கார்டே இதுதாங்கப்பா. டிசைட் பண்ணுங்க, செவ்வாக்கிழமை ஃப்ளைட்."

எனக்கு ஒப்பவில்லை. ஹால் முழுக்கச் சுற்றினோம். இன்னொரு மேஜையில் ஏழாம் நம்பர் இருந்தது, மூலை கிழிந்து. அதிலும் அதே காது. திரும்பி வந்து பெரியவரிடமே 28 டாலருக்குப் பேசி வாங்கினேன்.

வண்டியில் சுமதி அதை ஆல்பத்தில் செருகி, "செட் முடிஞ்சுதுங்கப்பா" என்றாள். மூன்றையும் ஏழையும் எடுத்து இடம் மாற்றி வைத்தேன். அவள் பதறினாள். எனக்கு எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. ஐந்து மாதம் தேடியது கையில் இருக்கிறது. சந்தோஷப்படுவதா, ஏமாந்தேன் என்பதா, இன்றுவரை பிடிபடவில்லை.

போகிறவர்களுக்கு: ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். சைவம் என்றால் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், அங்கே ஹாட் டாக் மட்டும்தான். சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் செட்டைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம்பரும் பெயரும் போட்ட கார்டுப் பட்டியலை மட்டும் நம்பாதீர்கள். ஏழாம் நம்பரில் வேறு முகம் யாராவது பார்த்தால் எனக்குச் சொல்லுங்கள். அந்த மனிதனை நான் இன்னும் பார்க்கவில்லை.