எக்ஸ்ரே அறைக்கு வந்த கர்மங்கள்

எக்ஸ்ரே எடுக்கிற வேலையில், "மூச்சைப் பிடியுங்கள்" என்று நான் சொல்வதைவிட, "நான் என்ன பாவம் செய்தேனோ" என்று எதிரில் படுத்திருப்பவர் சொல்வதுதான் அதிகம்.

ஆந்திரப் பக்கத்துப் புத்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். நகரியிலிருந்து தினமும் பஸ். படம் எடுப்பதற்கு முன் எப்படி அடிபட்டது என்று கேட்டுச் சீட்டில் இரண்டு வரி எழுத வேண்டும். இந்த இரண்டு வரியில்தான் என் உயிர் போகிறது. நீங்களும் கவுன்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வராமல் தவிக்கிறவராக இருந்தால், உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முட்டை

ரேணிகுண்டாவில் ஒர்க்‌ஷாப் வேலை பார்ப்பவர், முப்பது வயசுக்காரர். சந்திரகிரிப் பக்கத்துப் படி வழியாகத் திருப்பதி மலை ஏறும்போது விழுந்து மணிக்கட்டு வீங்கி வந்தார். எப்படி விழுந்தீர்கள் என்றேன். சாமி தண்டித்துவிட்டது என்றார். சாமியை நான் சீட்டில் எழுத முடியாது, கால் வழுக்கியதா, தடுக்கியதா என்று சொல்லுங்கள் என்றேன். மூன்று நாள் முன்பு மறந்துபோய் ஒரு முட்டை சாப்பிட்டதையும், மலைக்குப் போகிறவன் அப்படிச் செய்யலாமா என்று தன் மனசே கேட்டதையும் நிதானமாகச் சொன்னார்.

வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள். விழுந்த நேரத்தில் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டேன். அப்போதுதான் வந்தது விஷயம். வீட்டுக்காரம்மாவுக்கு வீடியோ காலில் மலையைக் காட்டிக்கொண்டு, முதுகைப் படிப்பக்கம் திருப்பி, பின்பக்கமாகவே ஏறியிருக்கிறார். இதனால்தானே விழுந்தீர்கள் என்று கேட்டதற்கு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"போன மாசமும் இப்படித்தாம்மா பின்னால நடந்துக்கினு ஏறினேன், ஒண்ணும் ஆகல. இந்த வாட்டி முட்டை துன்னுட்டுப் போனேன், அதான்."

பெஞ்சில் உட்கார்ந்த நீதிபதிகள்

சத்தியவேடு பக்கத்திலிருந்து ஒரு மாமியாரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். இடுப்பு எலும்பு உடைந்திருந்தது. மருமகள்தான் கூட வந்திருந்தாள், பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். கூடவே தெருக்காரர்கள் நாலு பேர். பெஞ்சில் உட்கார்ந்ததும் விசாரணை ஆரம்பமானது. இந்தக் கிழவி மருமகளைப் படுத்தின பாட்டுக்குக் கடவுள் கணக்குத் தீர்த்துவிட்டார் என்றார் ஒருவர். கண் முன்னாலேயே கிடைத்துவிட்டது பாரு என்றார் இன்னொருவர். நியாயம் கிடைத்த திருப்தியில் டீ வேறு வாங்கிக் குடித்தார்கள்.

உள்ளே நானும் மருமகளும் மாமியாரை மெதுவாக மேசைக்கு மாற்றினோம். அந்த அம்மா வலியில் மருமகளின் கையை விடவே இல்லை. வழுக்கி விழுந்தது குளிக்கிற இடத்தில். அங்கே பாசி பிடித்திருக்கிறது, குழாய் ஒழுகுகிறது என்று மருமகள் தன் புருஷனிடம் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அவர் ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று ஐம்பது ஞாயிற்றுக்கிழமையைக் கடத்திவிட்டார். ஆபரேஷன் என்றால் மூன்று மாசம் படுக்கைதான் என்று டாக்டர் சொன்னதும் தெருக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பினார்கள். கடைசியாகப் போனவரை மருமகள் வாசலில் நிறுத்தினாள். குரலை உயர்த்தவில்லை.

"அவங்க செஞ்ச பாவத்துக்கு அவங்க இடுப்பு ஒடஞ்சுச்சு, சரி. மூணு மாசம் பெட்பேன் எடுக்கப் போறது நானு. நான் என்ன பாவம் செஞ்சேன்னு அதையும் சொல்லிட்டுப் போங்க."

தகர மூடி

இது சிரிக்கிற விஷயமில்லை. வெல்லம் காய்ச்சுகிற ஒரு கொட்டகையிலிருந்து முருகேசன் என்பவரைக் கொண்டுவந்தார்கள். கரும்பு பிழிகிற மிஷினில் கை மாட்டிக்கொண்டது. துணியைப் பிரித்தபோது இரண்டு விரல் இல்லை. கூட வந்த கொட்டகை முதலாளி, சைக்கிளிலிருந்து விழுந்தான் என்று எழுதச் சொன்னார். சைக்கிளில் விழுந்தால் விரல் இப்படித் துண்டாகாது என்றேன். உடனே தெலுங்குக்குத் தாவி, "வாடி கர்மா, மனம் ஏம் சேஸ்தாம்" என்று பெருமூச்சு விட்டார். அவன் கர்மம், நாம் என்ன செய்ய முடியுமாம். கதவை விட்டு மட்டும் நகரவில்லை.

கதிர் வீசும், எல்லாரும் வெளியே போங்கள் என்று கதவைச் சாத்தினேன். கையைத் தட்டின்மேல் வைத்தபடி முருகேசன் சொன்னார். உருளைகளுக்கு முன்னால் ஒரு தகர மூடி உண்டு. கரும்பு சிக்குகிறது, வேலை தாமதமாகிறது என்று முதலாளி அதைக் கழற்றி மூலையில் போட்டு மூன்று வாரம் ஆகிறது. அவர்மேல் எழுதினால் வேலை போய்விடுமே என்று நானே கேட்டேன். நாளையிலிருந்து தன் இடத்தில் மனைவிதான் மிஷினுக்குக் கரும்பு கொடுக்கப் போகிறாள், அதனால் எழுதுங்கள் என்றார்.

அவர் சொன்னபடியே எழுதி டாக்டரிடம் கொண்டுபோனேன். டாக்டர் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் அனுப்பினார். வெளியே முதலாளி என்னைப் பார்த்து, இந்தப் பாவம் உன்னைச் சும்மா விடாது என்றார். பாவத்தை எல்லாரும் என்னிடமே கொண்டுவந்து கொட்டினால் நான் எங்கே போவேன். நாலாம் நாள் கட்டு மாற்ற வந்த முருகேசனிடம், வீட்டுக்காரம்மா எப்படி இருக்கிறார் என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"போலீஸ் வர்றதுக்கு முன்னாலயே போல்ட் போட்டு மூடிய மாட்டிட்டாங்கம்மா. அது யார் கர்மான்னு மட்டும் மொதலாளி சொல்லல."

எந்தக் கை

இவ்வளவு பேரைக் குறை சொன்னவள் என் கதையையும் சொல்ல வேண்டும். புத்தூரில் பூ விற்கும் பெரியவர் ஒருவர் பைக்கிலிருந்து விழுந்து இரண்டு மணிக்கட்டும் வீங்கி வந்தார். இரண்டுக்கும் படம் எடுத்தேன். இடது, வலது என்று தெரியத் தட்டின் ஓரத்தில் ஈய எழுத்து வைப்போம். அன்று வீட்டில் சண்டை, போனில் அதன் மிச்சத்தைப் போட்டுக்கொண்டே எழுத்தை மாற்றி வைத்துவிட்டேன். விரிசல் இடது கையில். மாவுக்கட்டு வலது கையில் ஏறியது.

பத்து நாள் கழித்து, இடது கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தார். மறுபடி படம் எடுத்துப் பார்த்ததும் எழுத்தை மாற்றி வைத்தது தெரிந்தது. யாரும் கண்டுபிடிப்பதற்கு முன் நானே டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் எல்லார் முன்னிலையிலும் திட்டினார், வாங்கிக்கொண்டேன். பெரியவரிடமும் தப்பு என்னுடையது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நல்லவேளை, எலும்பு நகரவில்லை. கட்டை மாற்றிப் போட்டார்கள். பத்து நாளாக வலித்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டபோது அவர் என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் பேசினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"படிச்சவங்க கட்டினது தப்பா இருக்குமா தாயீ? வலிக்கிறது ஏதோ நான் செஞ்ச பழைய கர்மான்னு விட்டுட்டேன்."

கர்மா இருக்கிறதா இல்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, ஆனால் இப்போதெல்லாம் போனை வெளியே வைத்துவிட்டு, எந்தக் கை என்று இரண்டு தடவை வாய்விட்டுக் கேட்ட பிறகுதான் படம் எடுக்கிறேன்.