வெள்ளை வேட்டிக்கு அனுமதி இல்லை

மேலூர்ப் பக்கத்து அந்த வயலுக்கு நானும் என் ஆராய்ச்சி அதிகாரியும் கறுப்பு உடையில்தான் போவோம். இலையிலிருந்து வரும் ஒளியை, கண்ணுக்குத் தெரியாததையும் சேர்த்து, நூற்றுக்கும் மேற்பட்ட பட்டைகளாகப் பிரித்துப் படமெடுக்கும் கேமரா எங்களுடையது. பக்கத்தில் வெள்ளைத் துணி நின்றாலே அளவு கெட்டுவிடும். கார்த்திகை மாதம். வயல்காரர் முதல் நாளே கேட்டார்: "என்ன சாமி, மலைக்குப் போற வழி தப்பி வந்துட்டீகளா?"

அவர் கட்டுவது வெள்ளை வேட்டி. படமெடுக்கும் நேரமெல்லாம் அதிகாரி அவரை வேப்பமரத்தடிக்கு விரட்டிவிடுவார். அதிகாரிக்கு அந்த வயல் ஆராய்ச்சியின் 'நான்காம் களம்', அவ்வளவுதான். வயல்காரர் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் நான். ஆராய்ச்சிக்கு வயலைக் கொடுத்தபோது என்னிடம், "நோவு தெரிஞ்சா மொதல்ல எனக்குச் சொல்லணும்ணே" என்றார். சொல்கிறேன் என்றிருந்தேன்.

ஒரு வியாழன், காலை பதினொன்று இருபது. கீழ்மூலைப் பயிர் பச்சையாகத்தான் இருந்தது. லேப்டாப் திரையில் அந்த மூலை மட்டும் வேறு நிறம். நெற்பயிரைத் தாக்கும் குலைநோயின் தொடக்கம்.

"இப்போ சொன்னா மருந்தடிச்சிருவார்" என்றார் அதிகாரி. "புள்ளி வெளியே தெரியட்டும். அப்போதான் நாம முன்னாடியே கண்டுபிடிச்சதா நிரூபிக்க முடியும்."

"அவர் பயிர், சார்."

"வாயை மூடிட்டு எழுதுங்க."

எழுதினேன். வாயையும் மூடிக்கொண்டேன்.

அடுத்த வாரச் சனிக்கிழமை, பாதி வயலில் கண் வடிவப் புள்ளிகள். அதிகாரி முகத்தில் கல்யாணக் களை. வயல்காரர் தன் தம்பியை மருந்து வாங்க மேலூருக்கு அனுப்பிவிட்டு, ஓர் இலையைக் கிள்ளி நீட்டினார்.

"ஒங்க டப்பாவுக்கு இது எப்பத் தெரிஞ்சது?"

"இன்னிக்குத்தான்" என்றார் அதிகாரி.

வயல்காரர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "ஒன்னையத்தான் கேக்குறேன்" என்றார் என்னிடம்.

நோட்டைப் பிரித்தேன். "போன வாரம் வியாழக்கிழமை. பதினொன்னு இருபது."

"மணி மொதக்கொண்டு எழுதி வச்சிருக்கே. எங்கிட்டச் சொல்ல வாய் வரல?"

வயலில் இறங்கிக் கேமராவுக்கு எதிரே போய் நின்றார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக் கணுக்கால்வரை தொங்கவிட்டார்.

"இப்ப எடுங்கடா படத்த."

"அவரை நகரச் சொல்லுங்க!" என்று அதிகாரி என்னிடம் கத்தினார். நான் சொல்லவில்லை.

அன்றைய பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது: 'சனி. பத்து முதல் இரண்டு வரை படம் இல்லை. காரணம்: வயல்காரர் தம் வயலில் நின்றார்.'