முக்காற்புள்ளி வைத்த நட்சத்திரம்

மச்சாளின் செருப்பில் எப்போதும் கறுப்பு மணல் ஒட்டியிருக்கும். என் மாமாவின் மகள் அவர், புல்மோட்டைக்காரி. அந்த மணலில் டைட்டானியம் இருப்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதே டைட்டானியம் நட்சத்திரங்களிலும் இருக்கிறது என்று அவர் சொன்னபோது, ஊர்ப் பெருமைக்கு ஓர் அளவில்லையா என்று சிரித்தேன்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. இணைய இணைப்பு நன்றாக இருந்ததால், ஆய்வுப் படிப்பை முடிக்க அவர் எங்களோடு வந்து தங்கினார். குளிர்ந்த, சிறிய நட்சத்திரங்களை வகைப்படுத்திப் பட்டியலிடுவது அவருடைய வேலை. குளிர்ச்சி என்றால் மூவாயிரம் பாகை வெப்பமாம்! எங்கோ ஒரு தொலைநோக்கி பிரித்துத் தந்த ஒளி, கணினித் திரையில் மேடும் பள்ளமுமான கோடாக ஓடும். டைட்டானியமும் ஒட்சிசனும் சேர்ந்து ஒளியை விழுங்கும் இடங்களில் கோடு பள்ளத்தில் இறங்கும். ஒருவர் எண்ணம் மற்றவரில் ஒட்டாதபடி, ஒவ்வொரு கோட்டையும் இரண்டு பேர் தனித்தனியே, ஒரு வார்த்தை கதைக்காமல் பார்த்து வகை சொல்ல வேண்டும். வங்கி வேலையில் கையெழுத்து ஒத்துப்பார்க்கும் என் கண் போதும் என்று, இரண்டாவது ஆளாக என்னைப் பிடித்துக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் கதைக்காமல் இருப்பதுதான் பெரும்பாடு. ஆனாலும் அந்தக் கோடுகள் என்னை இழுத்துக்கொண்டன. அடுத்தது எப்படி இருக்கும் என்று மனம் பறந்தது.

ஒரு நாள் அவர் என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார். திரையில் இருந்த கோட்டில் டைட்டானியப் பள்ளங்கள் மட்டும் ஆழமில்லாமல் இருந்தன. முன்னைய நட்சத்திரங்கள் வெடித்துச் சிதறித்தான் இத்தகைய உலோகங்கள் பெருகின. ஆகவே அவை குறைந்த நட்சத்திரம் மிகமிகப் பழையது. அப்படி ஒன்று அகப்பட்டால் அவருடைய ஆய்வுக்கே மதிப்புக் கூடிவிடும்.

"டைட்டானியம் நல்லாக் குறைவெல்லோ?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டார்.

ஓம் என்றேன். எனக்கும் அப்படித்தான் பட்டது. அவர் முகம் வாடிவிட்டது.

"நான் கேட்டிட்டன். இனி உங்கட ஓம் செல்லாது."

அது என் சொந்தக் கண்ணால் கண்டதென்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஏலாது என்றுவிட்டார். பட்டியலை ஒப்படைக்கும் நாள் நெருங்கிவிட்டதால் வேறு ஆள் தேடவும் நேரமில்லை. அந்த நட்சத்திரத்தின் வகைக்குப் பின்னால் ஒரு முக்காற்புள்ளி வைத்தார். அவர்கள் துறையில் அதற்கு 'நிச்சயமில்லை' என்று அர்த்தம். கையில் வந்ததை இப்படிக் கைவிடுகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

இப்போது அவர் கண்டியில் படிப்பிக்கிறார். போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். வேறொரு குழு பெரிய தொலைநோக்கியால் அதே நட்சத்திரத்தைப் பார்த்து, அது மிகப் பழையதுதான் என்று அறிவித்துவிட்டதாம். கண்டுபிடித்தவர்கள் பெயர்களில் மச்சாளின் பெயர் இல்லை. கவலையாக இல்லையா என்று கேட்டேன்.

"கவலை இல்லாம இருக்குமோ?" என்றார். பிறகு, "ஆனா, நான் கண்டது உண்மை எண்டு எனக்கே இப்பதான் தெரியும்," என்றார்.