ஒன்பதாவது பொம்மையின் வீணை

ஹெப்பகோடியில் ஒரு பொம்மை கம்பெனியில் வேலை செய்கிறேன். ஆட்கள் ஆசையாக வாங்கிச் சேர்க்கிற பொம்மைகள். ஒவ்வொன்றுக்கும் வாழ்க்கைக் கதை எழுதுவது நான்தான். ஒன்பதாவது பொம்மை சுத்த சைவம். ஏழு மணிக்குமேல் வெளியே போகமாட்டாள். ஞாயிறு காலையில் வீணை வாசிப்பாள்.

வாடகைக்கு வீடு பார்க்கப் போனபோது, “உன்னைப் பத்திச் சொல்லும்மா” என்றார் ஓனரம்மா. பழக்கதோஷத்தில் ஒன்பதாவது பொம்மையை ஒப்பித்துவிட்டேன். உடனே சாவி கிடைத்தது.

இப்போது முட்டை ஓட்டைக் கைப்பையில் ஒளித்து ஆபீஸ் குப்பையில் போடுகிறேன். ஞாயிறு தவறாமல் ஓனரம்மா, “வீணைச் சத்தமே காணோமே?” என்கிறார்.

ஆத்திரத்தில், அந்தச் சனியன் பிடித்த பொம்மை வீணையை விட்டுவிட்டதாகக் கதையை மாற்றினேன். மேனேஜர் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டார். “அவ அப்படிப்பட்ட பொண்ணு இல்லை.”

வேறு வழியில்லாமல் வீணை வகுப்புக்குப் போனேன். டீச்சர் என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார். நான் வாயே திறக்கவில்லை.