மஞ்சள் பூசிய மரம்

அரச வனத்து மரமொன்று ஆட்கள் குடியிருக்கும் கூரைமேல் சாய்ந்தால், விண்ணப்பம் கிடைத்து இரண்டு வாரத்துக்குள் அதிகாரி வந்து அடையாளமிட வேண்டும்; பிறகு தாமதமின்றி வெட்ட வேண்டும். விதி அவ்வளவுதான். தோட்டத்து ஆபீசில் பெரிய கிளாக்கராக இருந்த காலமெல்லாம் இதைவிடத் தெளிவான விதியை நான் கண்டதில்லை.

1997இல், இலங்கையில் ஓப்பநாயக்கவுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கடைசி லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் அப்படியொரு மரம் நின்றது. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் என்பதால் அரசாங்க மரம். சாய்ந்தது மட்டும் எங்கள் பக்கம். நேர் கீழே இருந்த ஒற்றையறைக் காம்பராவில் கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தி புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்தாள். மே மாதப் பெருமழைக்கு முன் மரம் இறங்கியாக வேண்டும். மூன்று பிரதிகளில் எழுதிப் போட்டேன்.

பதின்மூன்றாம் நாளே வன அதிகாரி வந்து, பட்டையைச் செதுக்கி, சிவப்புச் சாயத்தில் எண் எழுதிப் போனார். எனக்கே ஆச்சரியம்.

பெரிய மரத்தை வெட்டுமுன் அதில் குடியிருப்பது எதுவானாலும் அதனிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் சனங்களின் வழக்கம். வெள்ளிக்கிழமை அந்தக் காம்பராப் பெண் மரத்துக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, துணி கட்டி, தேங்காயும் உடைத்துவிட்டாள். எண் இருந்த இடம்தான் பூசக் கைக்கு வாட்டமாக இருந்ததாம்.

வன இலாகாவிலிருந்து வெட்ட வந்தவர்களின் தலைவர் மரமறுக்கும் வாளைக் கீழே வைத்தார். “மேக தெவியன்கே கஹக் நே, மாத்தயா,” என்றார் சிங்களத்தில். சாமி மரமாம். வழிபாட்டு மரத்துக்கு மேலிடத்து அனுமதி தனியாக வேண்டும்; அந்த விதியும் எனக்குத் தெரியும். அவளிடம் சொன்னேன்.

“வெட்டறதுக்காகத்தானுங்களே ஐயா கும்பிட்டேன். கும்பிடாம வெட்டினா சாமி கோவிச்சுக்கும். கும்பிட்டா ஆபீசு கோவிச்சுக்குமா?”

அவள் சொன்னதையே வைத்து, வன இலாகாவுக்கு விளக்கம் எழுதினேன். வழிபாடு நின்றதற்கு அத்தாட்சி கேட்டார்கள். தோட்டத்துக் கோயில் பூசாரி, எங்கள் பக்கத்துப் பலாமரமொன்றுக்குச் சாமியை மாற்றி வைத்து, கைநாட்டும் போட்டுக் கொடுத்தார். அதைச் சிங்களத்தில் பெயர்த்து அனுப்பினேன்.

மழை இறங்கியது. குடும்பம் இரவில் படுக்கத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்குப் போனது. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட வருமுன், விடியும்போதே பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியேற வேண்டும். கொழுந்தை எடை போட்டபின் தினமும் அவள் என் ஜன்னலுக்கு வருவாள். “கடுதாசி வந்திருச்சுங்களா?” இல்லையென்று தலையாட்டுவேன். “சாமி கூட வீடு மாறிருச்சு,” என்பான் பின்னால் நிற்கும் புருஷன். “நமக்குத்தான் காம்பரா இல்ல.”

கடைசியில் பதில் வந்தது. பழைய மரத்தைத் தோட்டமே வெட்டிக்கொள்ளலாம். பலாமரம் இனி வழிபாட்டு மரம், அதைத் தொடக் கூடாது. இரண்டாம் வரியை நான் வாசிக்குமுன் அவள் ஜன்னலில் இல்லை. மாலைக்குள் புருஷனும் லயத்து ஆட்களும் கயிறு கட்டி மரத்தை வெட்டிக் காட்டுப் பக்கம் சாய்த்தார்கள். இரவு அவர்கள் சொந்தக் காம்பராவில் படுத்தார்கள். அன்று திங்கட்கிழமை, செப்டம்பர் இருபத்திரண்டு.