டீ தீரும் வரை

டீசல் நனைத்த துணியால், லாரியிலிருந்து கழற்றிய இரும்புத் தண்டைத் துடைக்கிறார். கொஞ்ச நேரம் ஊறவிட்டு, காய்ந்த துணியால் அழுத்தித் துடைக்கிறார். பிறகு இளையபெருமாள் சட்டைப் பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து, மூன்று விரலால் அள்ளி, குழந்தை நெற்றியில் பூசுவதுபோல் இரும்பின் மேல் மெல்லப் பூசுகிறார். பூசி முடித்ததும் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ கிளாஸைக் கையில் எடுத்துக்கொள்கிறார். டீ தீரும் வரை திரும்பமாட்டார்.

"என்னங்க, பூசை போடுறீங்களா, வேலை பாக்குறீங்களா?" டிப்பர் லாரிக்காரர் தமிழழகன் வெயிலில் நின்றபடி கேட்பார்.

"பொறுங்க. வெடிப்பு இருந்தா அதுவே வாயத் தொறக்கும்."

இரும்பில் மயிரிழை அளவு வெடிப்பு இருந்தால் போதும். உள்ளே ஒளிந்திருக்கும் டீசல் கசிந்து, வெள்ளைத் திருநீற்றில் கறுப்பாக ஒரு கோடு விழும். கோடு விழுந்த தண்டை அவர் கையால் மாட்டித் தரமாட்டார். "இந்த ஒரு லோடு மட்டும் அடிச்சுக்கிறேங்க" என்று யார் கெஞ்சினாலும் ஒரே பதில்தான். "வண்டியில ஒக்காருறவங்க அடுத்தவன் புள்ளைங்க. புதுசு வாங்கிட்டு வாங்க."

அரியலூர் ரோட்டில் அவருடைய மெக்கானிக் பட்டறையை ஒட்டி என் சீட் தைக்கும் கடை. பதினொரு வருஷமாகப் பக்கத்தில் இருக்கிறோம். ஆரம்பத்தில் அவரைப் பெரிய பக்திமான் என்று நினைத்திருந்தேன். திருநீறு வெடிப்பு பார்க்கத்தான் என்று தெரிந்தபோது மனசு கொஞ்சம் சங்கடப்பட்டது. "ரோடு பூரா சுண்ணாம்புக்கல் தூசி பறக்குது, அதப் பூசக்கூடாதா?" என்றேன். "அது நறநறன்னு இருக்குண்ணே. இதுதான் மாவு. முருகனுக்குத் தெரியாத வெடிப்பா?" என்று சிரித்தார். அன்று முதல் செட்டிகுளம் முருகன் கோயிலுக்குப் போய்வரும்போதெல்லாம் அவருக்கும் ஒரு பொட்டலம் கொண்டுவருகிறேன்.

குள்ளமான ஆள். வெல்டிங் வெளிச்சம் பார்த்துப் பார்த்து இடது கண் எப்போதும் பாதி மூடியே இருக்கும். யாராவது போனில் வண்டிக் கோளாறு சொன்னால், "நீங்க பேசாதீங்க, போனை எஞ்சின் பக்கம் வைங்க" என்பார். கேட்டுவிட்டு நோயைச் சொல்லிவிடுவார். பட்டறையின் பின்பக்கம் தார்ப்பாய்க்குள் ஒரு பழைய அம்பாசிடர் கார் இருக்கிறது. மூன்று வருஷமாக அதைப் பந்தயத்துக்குத் தயார் செய்கிறார். ஊர்ப்பந்தயம் இல்லை. கைவிட்டுப்போன விமான ஓடுதளம் ஒன்றில் இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு மாறினதும் பாயும். நானூறு மீட்டரில் எல்லாம் முடிந்துவிடும். சரவணபவ என்ற ஆறெழுத்தை ஆறு தடவை நிதானமாகச் சொல்லி முடிக்கிற நேரம்தான்.

ஓட்டப்போகிறவள் அவர் மனைவி ராசாத்தி. லோடு ஆட்டோவில் சின்ன வெங்காயம் ஏற்றிப் பெரம்பலூர் மார்க்கெட்டுக்கு ஓட்டுகிறவள். நாற்பத்துமூன்று கிலோ.

"எடையக் கொறைக்க ரெண்டு வழிண்ணே," என்றார் இளையபெருமாள். "ஒண்ணு தகரத்த வெட்டணும். இல்ல, இவள ஏத்தணும்."

"தகரம் வெட்டக் கூலி கேப்பாங்க," என்றாள் ராசாத்தி. "நான் சும்மா வருவேன். அதாண்ணே."

எஞ்சினுக்கு வேகம் கூட்டுகிற டர்போ புதுசு. சக்கரம் புதுசு. மாம்பழ மஞ்சளில் பெயிண்ட், இரண்டு கோட்டிங். ஆனால் எஞ்சின் சுற்றும் சுற்றைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீளத் தண்டு மட்டும் பழைய இரும்புக் கடையில் எடுத்தது. ஏதோ டிப்பரிலிருந்து கழித்துப் போட்டது. அதை வெட்டிக் குட்டையாக்கி, வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தார். தண்டு அறுந்தால் தாங்குவதற்கு அதைச் சுற்றி ஓர் இரும்பு வளையம் போடுவார்களாம், அதையும் போடவில்லை. "அடியில கெடக்கறத யாரு பாக்கப்போறா? நம்ம வண்டிதானேண்ணே," என்றார்.

அடுத்தவன் புள்ளைங்க என்று சொல்லும் அதே வாய்தான்.

அப்போது ராசாத்திக்கான சீட்டைத் தைத்துக்கொண்டிருந்தேன். முன்னொரு நாள் அவரே எனக்குச் சொன்னது நினைவுக்கு வந்தது. ஓடுகிற டிப்பரில் தண்டு அறுந்து, "தரைத் தகரத்தக் கிழிச்சிக்கிட்டு ஈட்டியாட்டம் உள்ள ஏறிடுச்சுண்ணே" என்றிருந்தார். இந்தக் காரில் தண்டு ஓடுகிற இடம், நான் தைக்கிற சீட்டுக்கு ஒரு சாண் தள்ளி. ஊசி விரலில் ஏறியதுகூட ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

"இதுக்குத் திருநீறு பூசிப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சுண்ணே," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

பார்க்கவில்லை. வெல்டிங் சூடு ஆறின கையோடு வெள்ளிப் பெயிண்ட் அடித்துவிட்டார், நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேனே. பெயிண்டுக்கு மேல் பூசினால் திருநீறு என்ன சொல்லும்? சொன்னால் அவர் மனசு நோகும், சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை ராசாத்திக்கு ஏதாவது ஆகும் என்று அன்றிரவு பாயில் புரண்டுகொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். வெள்ளிக்கிழமை மத்தியானம் ராசாத்தி மார்க்கெட்டிலிருந்து வெங்காயச் சருகு ஒட்டின சேலையோடு வந்து, காரில் மாட்டியிருந்த சீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். மாட்டுவதற்காகத் தண்டு பக்கத்திலே மரப்பலகை மேல் பளபளவென்று கிடந்தது.

"தொட்டிலாட்டம் இருக்குண்ணே. ஏன், ஒங்க மொகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி. மாட்டறதுக்கு முன்னாடி அதுக்கு ஒருதடவ திருநீறு பூசிப் பாத்துட்டா நல்லது."

"அண்ணன் சாமி கும்புடுற ஆளு. எதுக்கெடுத்தாலும் பயப்படுவாரு," என்றார் இளையபெருமாள்.

ராசாத்தி அவர் முகத்தைப் பார்த்தாள். இறங்கி வந்தாள். உப்புத்தாளை எடுத்து, வெல்டிங் வைத்த இடத்தைச் சுற்றித் தேய்க்க ஆரம்பித்தாள்.

"ஏ புள்ள, பெயிண்டு போவுது."

"போவட்டும். அடியில கெடக்கறத யாரு பாக்கப்போறா?"

டீசல் துணி. பிறகு காய்ந்த துணி. அவர் செய்கிற மாதிரியே, ஒன்றும் விடாமல் செய்தாள். அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்தபோது அவர் தடுக்கவில்லை. டீக்கடையிலிருந்து வந்து ஆறிக்கொண்டிருந்த டீயை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

நான் ஆறெழுத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். ரோட்டில் டிப்பர்கள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்று போகும்போதும் பலகை அதிர்ந்தது. முதலில் எறும்புத் தலை அளவு ஒரு புள்ளி. தூசியாக இருக்கட்டும் முருகா என்றேன். புள்ளி நீண்டது. வெல்டிங்கின் ஓரமாகவே வளைந்து வளைந்து போய், தண்டின் பாதிச் சுற்றில் நின்றது.

ராசாத்தி கையில் ஒட்டியிருந்த திருநீற்றைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க," என்றாள். குரல் உயரவில்லை. "டீ தீந்துபோச்சு. திரும்புங்க."

இளையபெருமாள் காலி கிளாஸை இன்னொரு தடவை வாய்க்குக் கொண்டுபோனார்.